ஒருவருக்கு எத்தனை ஓட்டுநர் உரிமங்கள்?

வேலை நிமித்தம் ஜெர்மனிக்குப் புறப்பட்ட இளைஞர் ஒருவர் விடைபெற்றுச் செல்ல என் இல்லத்திற்கு வந்திருந்தார். "அங்கே கார் ஓட்டுவதற்கு ஒரு தடையும் இராது மாமா, என்னிடம் மூன்று லைசென்ஸ் இருக்கிறது" என்று மூன்றையும் மேசைமீது பரப்பினார். ஒன்று, பதினெட்டு வயதில் மதுரையில் பெற்றது. மற்றொன்று, உத்தியோகத்திற்காகத் தில்லிக்கு வந்தபின் பெற்றது. மூன்றாவது, சர்வதேச ஓட்டுநர் அனுமதிப் புத்தகம். நேயர்களே, அம்மூன்றில் ஒன்று இருக்கவே கூடாதது. மற்றொன்று லைசென்ஸே அன்று.

முதலில் நம் நாட்டுச் சட்டத்தைப் பார்ப்போம். நடப்பிலுள்ள ஓட்டுநர் உரிமம் ஒன்றை உடையவர் வேறொன்றை உடையவராயிருத்தலாகாது என்று 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 6-ஆவது பிரிவில் விதிக்கிறது. பழகுநர் உரிமம் போன்ற சில விலக்குகளே உண்டு. மதுரையில் வழங்கிய உரிமம் இந்தியா முழுவதும் செல்லுமாதலால், தில்லிக்குக் குடிவந்தவர் முகவரியை மாற்றிக்கொண்டாலே போதும். ஆங்கிலச் சட்டச் சொல்லை 'வைத்திருத்தல்' என்று பெயர்த்தால், அட்டையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டால் குற்றமில்லை என்று சிலர் எண்ணக்கூடும். ஆகையால் மொழிபெயர்ப்பு வேலையில் இருக்கும் நான் 'உடையவராயிருத்தல்' என்றே எழுதுவேன். பதிவேட்டில் பெயர் இரண்டு இடத்தில் இருப்பதைத்தான் சட்டம் தடுக்கிறது.

இத்தனை கண்டிப்பு எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்காவில் லாரி ஓட்டுநர் சிலர் பல மாநிலங்களில் உரிமம் பெற்று, தம் விதிமீறல்களை அவற்றின்மேல் பங்கிட்டு வந்தார்கள். உரிமத்தைப் பறிக்கும் அளவுக்கு எந்த மாநிலத்தின் ஏட்டிலும் குற்றம் சேராது. ஒன்று பறிபோனாலும் மற்றொன்றைக் காட்டி ஓட்டலாம். 1986-இல் அந்நாட்டுக் காங்கிரஸ் இயற்றிய சட்டம், வணிக வாகனம் ஓட்டுவோர் ஒன்றுக்கு மேல் உரிமம் கொள்ளலாகாது என்று இதற்கு முடிவு கட்டியது. ஐரோப்பாவிலும் உறுப்பு நாடுகளில் ஒன்றுக்கு மேற்பட்டவற்றின் உரிமத்தை ஒருவர் உடையவராயிருத்தல் கூடாது என்பது 1991-ஆம் ஆண்டிலேயே இயற்றிய விதி.

இனி அந்தப் புத்தகம். 1949-இல் ஜெனீவாவில் கையெழுத்தான சாலைப் போக்குவரத்து உடன்படிக்கையின் வழியே அது வந்தது. உரிமத்தில் உள்ளதைப் பிற நாட்டுக் காவலர் படித்தறியும்படி பல மொழிகளில் சொல்வது. அதாவது, என் தொழிலைச் சேர்ந்த ஒரு மொழிபெயர்ப்பு. மூல உரிமம் உடன் இல்லாவிடில் அதற்கு மதிப்பில்லை. நம் அலுவலகங்கள் வழங்கும் அப்புத்தகத்திற்கு அதிகபட்சம் ஓராண்டு ஆயுள்.

அந்த ஓராண்டுதான் இளைஞரை ஏமாற்றிவிட்டது. ஜெர்மனியைச் சுற்றிப் பார்க்க வருபவருக்கு ஒரு கணக்கு. அங்கே குடியிருக்க வருபவருக்கு வேறு கணக்கு. ஐரோப்பிய ஒன்றியம் முதலிய சில நாடுகளின் உரிமம் நீங்கலாக, அயல்நாட்டு உரிமத்தைக் கொண்டு குடியேறியவர் ஆறு மாதமே ஓட்டலாம். ஓராண்டுக்கு மேல் தங்கப் போவதில்லை என்று நிறுவினால் மேலும் ஆறு மாதம் வரை நீட்டிப்புக் கிடைக்கக்கூடும். ஏழாவது மாதத்தில் காவலர் நிறுத்தியபோது, அவர் புத்தகத்தின் முதற்பக்கத்துத் தேதியைச் சுட்டிக் காட்டினாராம். உரிமமின்றி ஓட்டுவது அந்நாட்டில் சிறு அபராதத்தோடு தீரும் தவறன்று; ஓராண்டுவரை சிறையோ பணத் தண்டமோ விதிக்கத்தக்க குற்றம். அவருக்குத் தண்டத்தோடு போயிற்று. எனினும் அன்றிரவு தொலைபேசியில் கேட்ட குரலை நான் மறக்கவில்லை.

ஜெர்மனி சில நாடுகளின் உரிமங்களைத் தேர்வின்றி மாற்றித் தருகிறது. அவ்வாறு மாற்றும்போது பழையதை ஒப்படைத்தாக வேண்டும். இந்தியா அப்பட்டியலில் இல்லை. நம்மவர் எழுத்துத் தேர்வும் ஓட்டுத் தேர்வும் தேறியே ஆகவேண்டும். ஆனால் அனுபவம் உள்ளவர் என்பதால், பயிற்சிப் பள்ளியில் புதியவருக்கு விதித்த கட்டாயப் பாடநேரம் இவர்களுக்கு இல்லை. ஆறு மாதம் முடியும் வரை காத்திராமல், போய்ச் சேர்ந்தவுடனே விண்ணப்பிப்பது நன்று.

நெடுநாள் தங்கச் செல்வோர் இந்திய உரிமத்தின் காலாவதித் தேதியையும் பார்த்துக்கொள்ள வேண்டும். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, காலாவதியாகி ஓராண்டு கடந்தபின் புதுப்பிக்க வருபவர் மீண்டும் ஓட்டிக் காட்டியாக வேண்டும்.

இளைஞர் இப்போது எழுத்துத் தேர்வில் தேறிவிட்டார். ஓட்டுத் தேர்வுக்கு நாள் குறித்திருக்கிறார்கள். தில்லி உரிமத்தை ஒப்படைப்பதற்கான விண்ணப்பத்தைச் சென்ற வாரம் என் முகவரிக்கு அனுப்பியிருந்தார். நானே கொண்டுபோய்க் கொடுத்தேன்.