ஓராண்டு மாணவர்

பள்ளிப்படிப்பு முடிந்து ஓராண்டு கழியுமுன் அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில் இளைஞர் சேரலாகாது என்பது 2006 முதல் விதி. ஆகவே பெருந்திறன் படைத்தோர் சிலர் ஓராண்டு மட்டும் கல்லூரியில் ஆடிவிட்டு அகல்கின்றனர்.

அத்தகையோர் பலரைச் சேர்த்திருந்த கென்டக்கி, 2015இல் 38 ஆட்டங்களைத் தொடர்ந்து வென்றபின், அரையிறுதியில் விஸ்கான்சினிடம் வீழ்ந்தது. அன்று 20 புள்ளிகள் ஈட்டியவர் நான்காம் ஆண்டு மாணவர் காமின்ஸ்கி; முதலிரண்டு ஆண்டுகள் பெரும்பாலும் வெளியே அமர்ந்திருந்தவர். பொறுமை வென்றதென நான் மகிழ்ந்தேன். தலைமையாசிரியப் புத்தி!

இரண்டே நாளில் என் கணக்குப் பொய்த்தது. இறுதியாட்டத்தில் டியூக்கின் முதலாண்டு மாணவர் நால்வர், தம் அணியின் 68 புள்ளிகளில் 60ஐ ஈட்டி விஸ்கான்சினை வென்றனர். அவருள் மூவர் அவ்வாண்டே விலகினர். கிரேசன் ஆலன் மட்டும் நான்காண்டும் ஆடினார். பயிற்சியாளர் எவரை விரும்புவரோ. நான் ஆலனையே கேட்டுப் பெறுவேன்.