கப்பி ரோட்டுக்கு முன்னால் கால் மணி நேரம்

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

நம்ம புதுக்கோட்டை மண்ணுக்கு ஒரு பெருமை உண்டு. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, எழுத்தோடு சேர்த்து சைக்கிளையும் ஆயிரக்கணக்கான பெண்கள் கற்றுக்கொண்டார்கள். அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் அதற்குப் பெரிய ஊக்கம் கொடுத்தார். கல்குவாரியில் வேலை செய்த பெண்களும் சைக்கிள் ஏறினாங்க. இன்றைக்கு அவர்களுடைய மகள்களும் மருமகள்களுமாகிய நாம் ஸ்கூட்டரில் போகிறோம். குழுக் கணக்கு எழுத, வங்கிக்குப் போக என்று ஒரே நாளில் 60, 70 கிலோமீட்டர் ஓடுகிறவர்கள் நம்மில் இருக்கோம். அதில் பாதி வழி தார் இல்லாத கப்பி ரோடு, கிராவல் ரோடு.

அந்த ரோட்டில் பொழுது சாயும் நேரத்தில் வண்டி நின்றால் என்ன ஆகும்? பஞ்சர் ஒட்ட ஆகும் காசு பெரிசில்லை. "இனிமே நீ போக வேண்டாம்"னு வீட்டில் ஒரு வார்த்தை வந்துடும். ஓட்டை விழுவது டயரில், நின்னு போவது நம்ம வேலை. அதனால்தான் சொல்கிறோம், கிளம்புவதற்கு முன்னால் கால் மணி நேரம் வண்டியை நம்ம கையால் தொட்டுப் பார்க்கணும்.

முதலில் டயர். ஸ்கூட்டருக்கு 10 அல்லது 12 அங்குலச் சின்னச் சக்கரம். சைக்கிள் தாண்டிப் போகிற குழியில் இது இறங்கிடும். காற்றைக் குறைத்தால் மெத்துனு போகும் என்று சிலர் இறக்கி விடுவாங்க. சின்னச் சக்கரத்துக்கு அது ஆகாது. ஜல்லியில் மோதினால் ரிம் நெளியும். ட்யூப் உள்ள டயரில் ட்யூப் நசுங்கி ஒரே இடத்தில் இரண்டு ஓட்டை விழும். காற்று அதிகமானாலும் வண்டி துள்ளும், வழுக்கும். ஆகவே வண்டியோடு கொடுத்த புத்தகத்தில் உள்ள அளவே சரி. சில வண்டிகளுக்கு முன் டயருக்கு 22, பின் டயருக்கு 29, பின்னால் ஆள் ஏறினால் 36 என்று இருக்கும். நம்ம வண்டிக்கு எவ்வளவு என்று குறித்து வைத்துக்கொள்ளணும். வண்டி ஓடிச் சூடான பிறகு அளந்தால் கூடுதலாகக் காட்டும். காலையில், ஓட்டுவதற்கு முன் அளக்கணும். டயர் பள்ளத்துக்குள் சின்ன மேடு இருக்கும். ரப்பர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாகி விட்டால் டயரை மாற்றியே ஆகணும்.

அடுத்து பிரேக். டிரம் பிரேக்கில் பிடியை அழுத்தினால் ஒன்றிரண்டு சென்டிமீட்டருக்குள் பிடிக்க ஆரம்பிக்கணும். கைப்பிடி வரைக்கும் போனால் இறுக்கணும்.

மூன்றாவது நட்டு, போல்ட். கப்பி ரோட்டின் அதிர்வில் கண்ணாடி, நம்பர் பிளேட், சைலன்சர், ஸ்டாண்டு எல்லாம் தளரும். கையால் ஆட்டிப் பாருங்க, ஆடினால் ஸ்பானர் போடுங்க.

நான்காவது ஏர் ஃபில்டர். டிப்பர் லாரிக்குப் பின்னால் செம்மண் புழுதியில் போகிற வண்டி புத்தகத்தில் சொன்ன கிலோமீட்டர் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ஃபில்டர் அடைத்தால் பெட்ரோல் கூடக் குடிக்கும், இழுக்காது. எண்ணெய் தோய்த்த பேப்பர் ஃபில்டராக இருந்தால் காற்றடித்துத் துடைக்கக் கூடாது, புதுசுதான் போடணும். எஞ்சின் ஆயிலும் அளவுக்கு இருக்கிறதா என்று பாருங்க.

பின்னால் உட்காரும் அக்காவின் முந்தானைக்காகச் சேலைக் காப்புக் கம்பி அவசியம். மோட்டார் வாகன விதி 123-ம் இதைச் சொல்கிறது. கழற்றி வைக்க வேண்டாம். இரண்டு பேருக்கும் ஹெல்மெட் வேணும். கணக்குப் பெட்டியைக் கைப்பிடியில் தொங்கவிட்டால் ஹேண்டில் இழுக்கும். சீட்டுக்கு அடியில் வையுங்க.

கூட எடுத்துப் போக வேண்டியது: டியூப்லெஸ் டயர் என்றால் பஞ்சர் கிட், கையால் அடிக்கும் பம்ப், பிளக்கும் அதைக் கழற்றும் ஸ்பானரும், டார்ச், ஒரு பாட்டில் தண்ணீர்.

ஓட்டும்போது ஜல்லியில் வேகம் குறைங்க. திருப்பத்தில் பிரேக் பிடிக்காதீங்க, திருப்பத்துக்கு முன்பே பிடிச்சுடுங்க. முன் பிரேக்கை வெடுக்கென்று அழுத்தினால் சக்கரம் சறுக்கும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த 125 சிசி வரையிலான பெரும்பாலான வண்டிகளில் இடது பிரேக்கை அழுத்தினாலே இரண்டு சக்கரமும் சேர்ந்து பிடிக்கும். அதையும் மெதுவாகத்தான் அழுத்தணும்.

ஸ்கூட்டர் வாங்கக் குழுவில் கடன் கொடுக்கிறோம், தவணை சரியாக வருகிறதா என்று பார்க்கிறோம். வண்டி ஓடினால்தானே தவணை வரும்! எனவே இந்தக் கூட்டத்தில் ஒரு தீர்மானம் வைக்கிறோம். ஒவ்வொரு ஊராட்சிக்கும் பொதுவாக ஒரு காற்று அளக்கும் கருவியும் ஒரு பம்பும் பொது நிதியிலிருந்து வாங்குவோம். பஞ்சர் ஒட்டத் தெரிந்த ஒருவர் மாதம் ஒரு உறுப்பினருக்காவது கற்றுக்கொடுக்கட்டும். கையெழுத்தும் சைக்கிளும் நமக்கு இப்படித்தான் வந்தது, ஒருத்தி இன்னொருத்திக்குச் சொல்லிக்கொடுத்து. ஸ்பானரும் அப்படியே வரட்டும்.