கை தட்டினோம், கதவையும் சாத்தினோம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாவில், ஓய்வு பெற்ற கிராம சுகாதார செவிலியர் ஒருவர் ஆற்றிய உரை)



உங்களில் பாதிப் பேருக்குக் கர்ப்பகாலத்தில் ஊசி போட்டவள் நான். உங்கள் பிள்ளைகளுக்குச் சொட்டு மருந்து கொடுத்தவள். "நர்சம்மா, உடல்நலத்தைப் பத்தி நாலு வார்த்தை பேசுங்க"ன்னு தலைவி கேட்டாங்க. ரத்தசோகை, முருங்கைக்கீரை, கைகழுவுதல் எல்லாம் பல தடவை பேசியாச்சு. இன்னைக்கு இதுவரைக்கும் பேசாத ஒன்றைப் பேசலாம்னு வந்திருக்கேன். கொரோனா காலத்தில் உங்களைப் பார்த்துக்கிட்டவங்களுக்கு என்ன ஆச்சு என்பதுதான் அது.

2020 மார்ச் 22, ஞாயிற்றுக்கிழமை, சாயங்காலம் 5 மணி. ஞாபகம் இருக்கா? வாசலில் நின்று கை தட்டினோம், தட்டைத் தட்டினோம். டாக்டர், நர்ஸ், தூய்மைப் பணியாளர் எல்லோருக்கும் நன்றி சொல்லத்தான். எனக்குக் கண்ணில் தண்ணி வந்துவிட்டது. மூன்றாம் நாள் ஊரடங்கு வந்தது. அடுத்த மாதமே சென்னையில், நோயால் இறந்துபோன ஒரு மருத்துவரின் உடலை அடக்கம் செய்யவிடாமல் கல்லெறிந்து விரட்டினார்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்கினால் 3 மாதம் முதல் 5 வருஷம் வரை சிறை என்று ஏப்ரல் 22-ல் அவசரச் சட்டமே போட வேண்டி வந்தது. நாடு முழுக்க இப்படி நடந்ததால்தானே சட்டம் வந்தது?

நம்ம ஊர் விஷயத்துக்கு வருகிறேன். ஐயாயிரம் பேருக்கு ஒரு கிராம சுகாதார செவிலியர் என்பது கணக்கு. கர்ப்பிணியைப் பார்க்கிறது, குழந்தைக்குத் தடுப்பூசி போடுறது எதுவும் நிற்காது. அதோடு காய்ச்சல் கணக்கெடுப்பு, வெளியூரிலிருந்து வந்தவர்கள் பட்டியல், பரிசோதனைக்கு ஆள் அனுப்புவது, தனிமைப்படுத்திய வீட்டில் நோட்டீஸ் ஒட்டுவது எல்லாம் சேர்ந்தது. நோட்டீஸ் ஒட்டிய வீட்டுக்காரர்களுக்கு என் மேல்தான் கோபம். "எங்க மானத்தை வாங்கிட்டியே"ன்னு சாபம் விட்ட அம்மாவும் உண்டு. இருபது வருஷமா என்னைப் பார்த்ததும் மோர் கொடுத்த வீட்டில், என் வண்டிச் சத்தம் கேட்டதும் கதவைச் சாத்தினார்கள். நோய் வந்துவிடுமோ என்ற பயத்தை விட அந்தக் கதவுச் சத்தம்தான் என்னைத் தூங்கவிடவில்லை.

என் அக்கா மகள் அரசு மருத்துவமனையில் செவிலியர். கவச உடையைப் போட்டால் ஆறு மணி நேரம் கழற்ற முடியாது. பாத்ரூம் போக முடியாதே என்று காலையிலிருந்து தண்ணியே குடிக்க மாட்டாள். நீர்க்கடுப்பு வந்து அவதிப்பட்டாள். மாதவிலக்கு நாளில் அந்த உடைக்குள் இருப்பது எப்படி இருக்கும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வாரம் வேலை, ஒரு வாரம் தனியறை. எட்டு மாதக் குழந்தையைப் புருஷன் கேட்டுக்கு வெளியே தூக்கிக் காட்டுவார், இவள் உள்ளே நின்று பார்ப்பாள்.

2021 மே மாதம், இரண்டாம் அலை. ஒரு ராத்திரி ஒரு வயசான அம்மா இவள் கையைப் பிடித்துக்கொண்டு, "கொஞ்ச நேரம் போகாதம்மா" என்றாராம். அடுத்த படுக்கையில் மூச்சுத் திணறல். கையை விடுவித்துக்கொண்டு ஓடினாள். திரும்பி வந்தபோது அந்த அம்மா இல்லை. "நான் கையை விட்டிருக்கக் கூடாது சித்தி"ன்னு இன்னைக்கும் சொல்கிறாள். அவள் மேல் தப்பே இல்லை. இருப்பது ரெண்டு கை. ஆனால் மனசு அந்தக் கணக்கை ஏற்கவில்லை. ஆம்புலன்ஸ் சத்தம் கேட்டால் இப்பவும் நெஞ்சு படபடக்குது, பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறாள்.

இதைத்தான் நீங்கள் புரிந்துகொள்ளணும். உடம்புக் களைப்பு நாலு நாள் தூங்கினால் போகும். மனசுக் களைப்பு அப்படிப் போகாது. தூக்கம் கெடும், காரணமில்லாமல் அழுகை வரும், பிடித்த வேலையே பிடிக்காமல் போகும், "நான் ஒழுங்காப் பார்க்கலையோ" என்ற குற்ற உணர்ச்சி அரிக்கும். இது பைத்தியமும் இல்லை, திமிரும் இல்லை. தாங்க முடியாத பாரத்தை ரொம்ப நாள் தாங்கியதால் வந்த காயம்.

உயிரே போனவர்களும் உண்டு. 2020 ஜனவரியிலிருந்து 2021 மே வரைக்கும் உலகம் முழுக்க சுமார் 1,15,000 மருத்துவப் பணியாளர்கள் கொரோனாவில் இறந்திருக்கலாம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. உலகத்தில் இந்த வேலை செய்பவர்களில் பத்துக்கு ஏழு பேர் பெண்கள். வேலை முடிந்து வீட்டுக்குப் போனாலும் அடுப்படி காத்திருக்கும் பெண்கள்.

கடைசியாக ஒன்று சொல்லணும். பேர் சொல்ல மாட்டேன். சம்பந்தப்பட்ட தங்கச்சியிடம் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். நம்ம கூட்டமைப்பில் ஒரு குழுவில் இருக்கிறாள். ஒப்பந்தத்தில் மருத்துவமனை வார்டு கூட்டித் துடைக்கும் வேலை. ஊரடங்கு தளர்ந்து வாரக்கூட்டம் மறுபடி ஆரம்பித்தபோது, "நீ கொஞ்ச நாளைக்கு வராதம்மா, எல்லாரும் பயப்படுறாங்க" என்றார்கள். அவளும் சரியென்று இருந்துவிட்டாள். ஆறு வாரம் கழித்து வரச் சொன்னார்கள். போனால், நோட்டில் அவள் பேருக்கு நேராக ஆறு கூட்டத்துக்கு வராத அபராதம், வாரத்துக்கு 10 ரூபாய் என்று எழுதியிருந்தது. யாரும் கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை. விதிப்படி எழுதினார்கள். அவளும் ஒண்ணும் பேசாமல் 60 ரூபாயைக் கட்டிவிட்டு வந்துவிட்டாள். "பிணத்தைத் துடைச்சப்பக்கூட நான் அழலைக்கா. அன்னைக்கு ராத்திரி அழுதேன்"ன்னு ரெண்டு வருஷம் கழித்து என்னிடம் சொன்னாள்.

உங்களைக் குற்றம் சொல்ல இதைச் சொல்லவில்லை. எல்லோருக்கும் பயம். என் மருமகளே என் தட்டைத் தனியாக வைத்தாள். அதில் தப்பில்லை. வீட்டில் கைக்குழந்தை இருந்தது. ஒதுங்கி நிற்பது வேறு, ஒதுக்கி வைப்பது வேறு. தட்டைத் தனியாக வைத்த அதே மருமகள் தினமும் ஜன்னல் பக்கம் நின்று, "அத்தை, சாப்பிட்டீங்களா?" என்று கேட்பாள். அந்த ஒரு கேள்விதான் என்னைக் காப்பாற்றியது.

இப்போ இது உங்கள் வீட்டு விஷயமும்தான். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் வந்தது. வீடு வீடாகப் போய் ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கும் தன்னார்வலர்கள் சுய உதவிக் குழுக்களிலிருந்து வந்த பெண்கள்தானே? நாளைக்கு இன்னொரு கொள்ளைநோய் வந்தால் முன்னாடி போய் நிற்கப்போவது நம்ம குழுப் பெண்தான்.

அதனால் மூணு விஷயம் கேட்கிறேன். ஒண்ணு, மருத்துவமனையிலோ தூய்மைப் பணியிலோ இருக்கும் உறுப்பினர் கூட்டத்துக்கு வராவிட்டால், அபராதம் எழுதும் முன்னாடி ஒரு போன் போட்டு, "எப்படி இருக்கே?"ன்னு கேளுங்கள். ரெண்டு, அவள் பேச ஆரம்பித்தால் "அதெல்லாம் முடிஞ்சு போச்சு, மறந்துடு"ன்னு வாயை அடைக்காதீர்கள். புத்திமதி வேண்டாம், காது கொடுத்தால் போதும். மூணு, தூக்கமில்லாமல் வாரக்கணக்கில் தவித்தாலோ, "இருந்து என்ன பிரயோஜனம்" என்ற பேச்சு வந்தாலோ தனியாக விடாதீர்கள். 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு நீங்களே போன் போட்டுக் கொடுங்கள். 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகணும்னா கூடவே போங்கள்.

அந்தத் தங்கச்சி இந்தக் கூட்டத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு அந்த 60 ரூபாய் திரும்ப வேண்டாமாம். வேறொன்று கேட்கிறாள். "வேலை காரணமாக வராதவருக்கு அபராதம் இல்லை"ன்னு எல்லாக் குழுவின் தீர்மானப் புத்தகத்திலும் எழுதணுமாம். தலைவி மேடையிலேயே இருக்காங்க. இன்னைக்கே அதைத் தீர்மானமாகக் கொண்டு வரணும் என்று உங்கள் எல்லோர் சார்பிலும் கேட்டுக்கொண்டு விடைபெறுகிறேன்.