பக்கவாதம் கண்டவருக்கு இதயப் பரிசோதனை ஏன்?

(ஜமாஅத்தின் மருத்துவ விழிப்புணர்வுக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பக்கவாதம் மூளையைத் தாக்கும் நோய். அவ்வாறிருக்க, மருத்துவர்கள் ஈ.சி.ஜி., எக்கோ என்று இதயத்தைச் சோதிப்பது ஏன்? "கை, கால் விழுந்ததற்கு இதயத்தைப் பார்ப்பானேன், வீண் செலவு" என்று எண்ணி அதனைத் தவிர்ப்போர் உளர். அவ்வெண்ணம் ஆபத்தானது.

பக்கவாதங்களில் பெரும்பாலானவை மூளையின் இரத்தக்குழாய் அடைபடுவதால் வருபவை. அத்தகைய அடைப்புகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றுக்குக் காரணமான இரத்தக்கட்டி இதயத்தில் உருவாகி வந்ததாகும். இதயத்தின் மேலறைகள் சீராகச் சுருங்காமல் தாறுமாறாகத் துடிக்கும் நிலையை 'ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன்' என்பர். அப்போது இடது மேலறையை ஒட்டிய சிறு பையில் இரத்தம் தேங்கி உறைகிறது. அக்கட்டி பெயர்ந்து மூளைக்குச் சென்றால் பக்கவாதம். இத்துடிப்புக் கோளாறு உள்ளவருக்கு அந்த அபாயம் சுமார் ஐந்து மடங்காகும். நம் நாட்டில், சிறு வயதில் வந்த ருமாட்டிக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கியவர்களும் பலர். ஆகவே இது முதியோருக்கு மட்டுமே உரிய நோயன்று.

எக்கோ பரிசோதனை வால்வையும், இதயம் இரத்தத்தை வெளியேற்றும் வலிமையையும் காட்டும். துடிப்புக் கோளாறோ வந்து வந்து மறைவது. ஈ.சி.ஜி. பதிவாவது சில வினாடிகளே. அது சரியாக இருப்பதால் மட்டும் இதயம் குற்றமற்றது எனக் கருதலாகாது. ஆதலின் 24 மணி நேரம் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியைப் பொருத்துகின்றனர். கனடாவில் நடைபெற்று 2014இல் வெளியான ஆய்வொன்றில், காரணம் புலப்படாத பக்கவாதம் கண்ட, 55 வயதைக் கடந்த 572 பேர் கண்காணிக்கப்பட்டனர். 24 மணி நேரப் பதிவில் நூற்றுக்கு 3 பேரிடமும், 30 நாள் பதிவில் நூற்றுக்கு 16 பேரிடமும் இக்கோளாறு தென்பட்டது.

கண்டறிந்தால் மருந்தே மாறிவிடுகிறது. இவர்களுக்கு ஆஸ்பிரின் மட்டும் போதாது; இரத்தம் உறைவதைத் தடுக்கும் மாத்திரை வேண்டும். வார்ஃபரின் பக்கவாதத்தை ஏறத்தாழ மூன்றில் இரு பங்கு குறைக்கிறது. புதிய மாத்திரைகளும் உள்ளன. எனினும் ருமாட்டிக் வால்வு நோயாளிகளுக்குப் பழைய வார்ஃபரின் வகையே மேலானது என, இந்தியாவும் பங்கேற்று 2022இல் வெளியான ஆய்வு காட்டியது. வார்ஃபரின் உண்போர் ஐ.என்.ஆர். இரத்தப் பரிசோதனையை உரிய காலங்களில் செய்துகொள்ள வேண்டும். இம்மாத்திரைகளால் இரத்தக்கசிவு நேரக்கூடுமாதலால், மருத்துவரைக் கேளாமல் தொடங்குவதும் கூடாது, நிறுத்துவதும் கூடாது. ரமளான் நோன்புக்கு முன்பே மருத்துவரைக் கண்டு, மருந்து வேளைகளை முறைப்படுத்திக்கொள்ளுங்கள்.

நோயாளி வீடு திரும்பியதும், எண்ணெய்த் தேய்ப்பிலும் கை, கால் பயிற்சியிலும் காட்டும் அக்கறையில் இதயத்தை மறந்துவிடுகிறோம். முதல் தாக்குதலில் நடை தளர்ந்தவர், இரண்டாவதில் படுக்கையிலேயே விழக்கூடும். மயிலாப்பூர், தியாகராய நகர் பகுதியினருக்கு இராயப்பேட்டை அரசு மருத்துவமனை அருகிலேயே உள்ளது. அடையாற்றில், வருமுன் காத்தலை வலியுறுத்திய டாக்டர் கே.எஸ். சஞ்சீவி 1958இல் நிறுவிய வி.எச்.எஸ். மருத்துவமனை உள்ளது.

முகம் கோணினாலோ, கை துவண்டாலோ, பேச்சு குழறினாலோ உடனே 108ஐ அழையுங்கள். கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்திற்குள் போட்டாக வேண்டும். உயிர் பிழைத்தபின், "இதயத்தைச் சோதித்தாயிற்றா?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். அந்த ஒரு கேள்வி அடுத்த தாக்குதலைத் தடுக்கக்கூடும்.