வயசான கிளியும் நாமும்

(பெங்களூர் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குக் கொடுத்த தலைப்பு "வீட்டில் வளர்க்கும் பறவைகள்". அதில் வயசான கிளியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். கால்நடை மருத்துவனாக இருந்து ஓய்வு பெற்ற என்னிடம் நம் அங்கத்தினர்கள் அதிகம் கேட்பது இதைப் பற்றித்தான். பிள்ளை அமெரிக்காவில், பெண் சிங்கப்பூரில். ஜயநகரிலோ மல்லேஸ்வரத்திலோ அகத்தில் இருப்பது மாமா, மாமி, ஒரு கூண்டு.

முதலில் எந்தக் கிளி என்று தெரிய வேண்டும். "லவ் பேர்ட்ஸ்" என்று ஜோடியாக விற்கிறார்களே, அது பெரும்பாலும் பட்ஜெரிகர். ஆஸ்திரேலியப் பறவை, வளர்க்கலாம். 5 முதல் 8 வருஷம் இருக்கும், நன்றாகப் பார்த்துக்கொண்டால் இன்னும் கூட. லால்பாகிலும் கப்பன் பார்க்கிலும் கூச்சலிட்டுப் பறக்கும் நம் பச்சைக்கிளி வேறு. கூண்டில் 20, 25 வருஷம் கூட இருக்கும். ஆனால் 1972-ம் வருஷத்து வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைப் பிடிப்பதும், விற்பதும், வைத்திருப்பதும் குற்றம். 2022-ல் வந்த திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் அமலாகி, அதை இரண்டாம் அட்டவணைக்கு உயர்த்திவிட்டது. "ஆண்டாள் கையில் கிளி, மீனாட்சி கையில் கிளி, நாம் வைத்துக்கொண்டால் என்ன?" என்று ஒரு மாமா வாதாடினார். அங்கே கூண்டு இல்லையே என்றேன்.

இனி பராமரிப்பு. பறவை தன் வியாதியைக் காட்டிக்கொள்ளாது. காட்டினால் காட்டில் பருந்து கொண்டுபோய்விடும். ஆகவே அது இறகைச் சிலிர்த்துக்கொண்டு கூண்டின் அடியில் உட்கார்ந்தாலோ, மூச்சு விடும்போது வால் ஏறி இறங்கினாலோ, வியாதி முற்றிவிட்டது என்று அர்த்தம். வாரம் ஒரு முறை சமையலறைத் தராசில் நிறுத்து எழுதி வையுங்கள். பட்ஜெரிகர் 30, 40 கிராம்தான். 4 கிராம் குறைந்தால் கூட உடனே டாக்டரிடம் போக வேண்டும். ஹெப்பால் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது.

சூரியகாந்தி விதையை மட்டுமே போட்டு வளர்த்த கிளிக்குக் கல்லீரலில் கொழுப்பு சேரும், வைட்டமின் ஏ குறையும். காரட், கீரை, கோவைப்பழம், பச்சை மிளகாய் கொடுங்கள். மிளகாயின் காரம் பறவைக்கு உறைக்காது. நம் பாட்டிமார் செய்தது சரிதான். ஆனால் உப்புப் போட்ட தயிர்சாதமும், ஒரு வாய் காபியும் பாசம் ஆகாது. காபி அதற்கு விஷம். சாம்பிராணி, ஹோமப் புகை, கொசுவத்தி எல்லாம் அதன் மூச்சுப் பைகளுக்கு ஆகாது. நான்ஸ்டிக் வாணலி காய்ந்து தீய்ந்தால் வரும் புகையில் சில நிமிஷத்தில் செத்துவிடும்.

மூட்டு வலி நமக்கு மட்டுமா? ஒரே கனமான வழவழப்புக் குச்சியில் வருஷக்கணக்கில் நின்றால் பாதம் புண்ணாகும். கொய்யாக் கிளைகளைப் பல கனத்தில் தாழ்வாகக் கட்டுங்கள். சாப்பாடும் தண்ணீரும் பக்கத்திலேயே இருக்கட்டும். கண்ணில் புரை விழுந்திருந்தால் கூண்டுக்குள் எதையும் இடம் மாற்றாதீர்கள். கிட்டே போகுமுன் குரல் கொடுங்கள். மார்கழிக் குளிருக்கு மூன்று பக்கம் துணி போடுங்கள். ராத்திரி 10 மணி நேரத் தூக்கம் வேண்டும், ஆகவே டி.வி. இருக்கும் ஹால் வேண்டாம்.

கிளிக்குப் பழக்கம் என்பது தினமும் ஒரே நேரத்தில் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவதுதான். கையால் பிடித்து அமுக்கக் கூடாது. இப்படி ஒட்டிக்கொண்ட பறவையை விட்டுவிட்டு ஆறு மாசம் பேரனைப் பார்க்கப் போனால், அது சாப்பாட்டை விடும், இறகைப் பிய்த்துக்கொள்ளும். பார்த்துக்கொள்ளப் போகிறவர் இரண்டு மாசம் முன்பே தினம் வந்து தம் கையால் சாப்பாடு வைக்கட்டும். டிக்கெட் வாங்குமுன் இதை யோசியுங்கள்.

பச்சைக்கிளி வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கஷ்டமான விஷயம். 20 வருஷமாகப் பேர் சொல்லிக் கூப்பிட்டால் பதில் சொல்லும் ஜீவனை எப்படி ஒப்படைப்பது என்று கண் கலங்குகிறார்கள். எனக்குப் புரிகிறது. ஆனாலும் ஒப்படைப்பதே சரி என்பது என் அபிப்பிராயம். 2023 பிப்ரவரியில் சென்னையில் ஒரு நடிகர் வீட்டுக் கிளிகளை வனத்துறை எடுத்துக்கொண்டு இரண்டரை லட்சம் அபராதம் விதித்தது உங்களுக்கு நினைவிருக்கும். சட்டத்தை விடுங்கள், நமக்குப் பிறகு அதற்கு யார்? மாமா காலமானதும் கூண்டோடு வாட்ச்மேனிடம் போன கிளிகளை எனக்குத் தெரியும்.

புண்ணியம் என்று நினைத்து ஏகாதசியன்று கூண்டைத் திறந்துவிடாதீர்கள். குஞ்சிலிருந்து கூண்டில் வளர்ந்ததற்கு இரை தேடத் தெரியாது, சிறகில் பலம் இருக்காது. அன்றைக்கே காக்கையோ பூனையோ முடித்துவிடும். வனத்துறையிடம் சொல்லுங்கள். கெங்கேரியில் பீப்பிள் ஃபார் அனிமல்ஸ் நடத்தும் வனவிலங்கு மருத்துவமனை இருக்கிறது, அவர்களிடமும் கேட்கலாம். பறக்க விடலாமா, வைத்துக் காப்பாற்ற வேண்டுமா என்பதை விஷயம் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். போகும்போது அது என்ன சாப்பிடும், எந்தச் சொல்லுக்குத் திரும்பும் என்று ஒரு காகிதத்தில் எழுதிக் கொடுங்கள். புது இடத்தில் அதைப் பார்த்துக்கொள்பவருக்கு உபயோகமாக இருக்கும்.

கேள்விகள் இருந்தால் கேட்கலாம்.