சுவரில் ஓதம், நெஞ்சில் இளைப்பு

 

மும்பையில் ஜூன் மாதம் மழை தொடங்கும். செப்டம்பர் வரை விடாது. ஒரு வருடத்தில் அங்கே பெய்யும் மழை 2 மீட்டருக்கும் மேல். ஓர் ஆள் உயரத்தைவிட அதிகம்.

அந்த ஊரில் தாராவி என்ற இடம் இருக்கிறது. அங்கே தமிழர்கள் மிகுதி. திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய், பல தலைமுறைகளாக வாழ்கிறவர்கள் பலர். வீடு என்றால் பெரும்பாலும் ஓர் அறைதான். அதிலேயே சமையல். அதிலேயே படுக்கை. மூலையில் குளிக்கும் இடம். அதை ‘மோரி’ என்பார்கள். மேலே தகரம் அல்லது சிமெண்ட் ஷீட். பக்கத்து வீட்டுச் சுவரை ஒட்டியே இந்த வீட்டுச் சுவர். வெயில் எங்கே நுழையும்?

மழை தொடங்கிச் சில நாள் ஆகும். சுவரின் அடியில் கருப்புப் புள்ளிகள் தெரியும். டிரங்குப் பெட்டியைத் திறந்தால் மக்கிய வாடை வரும். தோல் செருப்பில் சாம்பல் நிறத்தில் ஏதோ படரும். ஊறுகாய் ஜாடியில் வெள்ளையாகப் படர்வதும் இந்த இனம்தான். இதுதான் பூஞ்சணம்.

பூஞ்சணம் உயிருள்ளது. அதற்கு வித்துகள் உண்டு. அவை மிக மிகச் சிறியவை. தூசியைப் போலக் காற்றில் மிதக்கும். எந்த வீட்டிலும் இருக்கும். மாடி வீட்டிலும் இருக்கும், குடிசையிலும் இருக்கும். ஆனால் வித்து முளைக்க ஈரம் வேண்டும். ஈரம் கிடைத்தால் ஒன்று இரண்டு நாளிலேயே முளைக்கத் தொடங்கிவிடும். காகிதம், மரம், துணி, அழுக்கு எல்லாமே அதற்குத் தீனி. வித்துகளை முழுவதும் ஒழிக்க முடியாது. ஈரத்தைக் குறைக்க முடியும்.

ஈரம் எங்கிருந்து வருகிறது? கூரை ஒழுகலாம். குழாய் கசியலாம். சில வீடுகளில் தரையிலிருந்தே ஈரம் ஏறும். விளக்குத் திரி எண்ணெயை மேலே இழுக்கிறது அல்லவா? அதுபோலச் செங்கல் சுவர் மண்ணின் ஈரத்தை மேலே இழுக்கும். அதைத்தான் ஓதம் என்கிறோம். வீட்டுக்குள்ளேயும் ஈரம் பிறக்கிறது. சோறு கொதிக்கும் ஆவி, குளிக்கும் தண்ணீர், கொடியில் தொங்கும் ஈரத் துணி. கேஸ் அடுப்பு எரியும்போதுகூட ஆவி உண்டாகும். இத்தனையும் ஓர் அறைக்குள் சேர்ந்தால் சுவர் என்ன செய்யும்?

இதனால் உடம்புக்குக் கேடா? ஆம். உலக சுகாதார நிறுவனம் 2009-ஆம் ஆண்டில் இதைப்பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. ஓதமும் பூஞ்சணமும் உள்ள வீட்டில் இருமல், இளைப்பு, ஆஸ்துமா அதிகம் என்று அது சொல்கிறது. குழந்தைகளுக்கும் ஏற்கெனவே இளைப்பு உள்ளவர்களுக்கும் தொல்லை கூடுதல்.

ஒரு குடும்பத்தை நினைத்துப் பாருங்கள். தகப்பன் கூலி வேலைக்குப் போகிறான். தாய் வீட்டிலேயே துணி தைக்கிறாள். ஐந்து வயதில் ஒரு மகள். மழைக்காலம் வந்தால் இரவில் குழந்தைக்கு நெஞ்சில் விசில் சத்தம் கேட்கிறது. “பிள்ளைக்கு வாழைப்பழம் கொடுத்தாய், அதனால்தான்” என்று மாமியார் மருமகளைத் திட்டுகிறாள். குழந்தை எங்கே படுக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. ஓதம் ஏறிய சுவரை ஒட்டித்தான் அதன் பாய் கிடக்கிறது. தலைமாட்டில் தைத்த துணியின் பஞ்சுத் தூசி. பழத்தைக் குறை சொல்வது எளிது. சுவரைக் குறை சொன்னால் செலவு வருமே!

அந்த வீட்டில் என்ன செய்யலாம்? முதலில் பாயை எதிர்ப்பக்கம் மாற்றலாம். அதற்குக் காசு வேண்டாம். பீரோவையும் பெட்டியையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி வைக்கலாம். பின்னால் காற்று போகும். சமைக்கும்போது பானையை மூட வேண்டும், கதவைத் திறக்க வேண்டும். மழைக்காலத்தில் வெளிக்காற்றும் ஈரம்தான். ஆனாலும் ஆவியும் புகையும் வெளியே போகும். ஈரத் துணியை மின்விசிறிக்கு நேரே போட்டுச் சீக்கிரம் உலர்த்துவது நல்லது. படுக்கிற இடத்துக்கு மேலே மட்டும் கொடி வேண்டாம்.

கருப்புப் புள்ளியைக் காய்ந்த துடைப்பத்தால் தட்டக் கூடாது. தட்டினால் வித்துகள் அறை முழுவதும் பறக்கும். மூக்கையும் வாயையும் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் பிரஷ் நனைத்துத் தேய்க்க வேண்டும். பிறகு ஈரத்தைத் துடைத்து உலரவிட வேண்டும். அந்த நேரத்தில் குழந்தை வெளியே இருக்கட்டும். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் அதோடு ஆசிட்டைக் கலக்கவே கூடாது. விஷவாயு வரும். மூடிய அறையில் அது உயிருக்கே ஆபத்து.

வாடகை வீட்டில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒழுகலைச் சரிசெய்யச் சொன்னால், வீட்டுக்காரர் கறையின்மேல் பெயிண்ட் அடித்துவிட்டுப் போவார். அது மூடி மறைப்பதுதான். அடுத்த மழையில் பெயிண்ட் உப்பி உரியும். முதலில் ஒழுகலை அடைக்க வேண்டும். பூஞ்சணத்தைத் தேய்த்து எடுக்க வேண்டும். சுவர் நன்றாகக் காய வேண்டும். அதன் பிறகு சுண்ணாம்பு அடிக்கலாம். சுண்ணாம்பில் காரம் இருப்பதால் பூஞ்சணம் எளிதில் பிடிக்காது. இதற்கு ஏற்ற காலம் மே மாதம். ஜூலையில் சொல்லிப் பயனில்லை.

2005 ஜூலை 26 அன்று மும்பையில் சாந்தாகுரூஸ் பகுதியில் ஒரே நாளில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. எண்ணற்ற வீடுகளுக்குள் வெள்ளம் புகுந்தது. அப்படி நனைந்த பஞ்சு மெத்தை மேலே காய்ந்தாலும் உள்ளே காயாது. அதை வீசிவிடுவதுதான் நல்லது. வீச மனம் வராது. மெத்தை வாங்கக் கடன் பட்டவர்களுக்கே அந்த வேதனை தெரியும். ஆனாலும் அதில் குழந்தையைப் படுக்க வைக்கக் கூடாது.

இனி தூசி. படுக்கையில் கண்ணுக்குத் தெரியாத சிறு பூச்சிகள் வாழ்கின்றன. உடம்பிலிருந்து உதிரும் தோல் துகளைத் தின்று பெருகுகின்றன. அவற்றின் கழிவும் இளைப்பைத் தூண்டும். தலையணை உறையையும் போர்வையையும் வாரம் ஒருமுறை சுடுதண்ணீரில் துவைக்கலாம். வெயில் அடிக்கும் நாளில் தலையணையை நாலைந்து மணி நேரம் காயப்போட்டு, வெளியிலேயே தட்டி எடுத்து வரலாம். தரையைப் பெருக்குவதைவிட ஈரத் துணியால் துடைப்பது மேல். துடைத்தபின் தரை காய வேண்டும். பெருக்குவதும் துடைப்பதும் பெண்கள் தலையிலேயே விழுகிறது. தூசியை அதிகம் சுவாசிப்பதும் அவர்களே. ஆண்களும் துணியைக் கையில் எடுக்கலாமே! கொசுவர்த்திச் சுருளின் புகையும் நெஞ்சைக் கெடுக்கும். கொசுவலை இருந்தால் சுருள் வேண்டாம்.

எல்லா இருமலும் சுவரால் வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைப் பரிசோதிக்க வேண்டும். அது காசநோயாக இருக்கலாம். அரசு மருத்துவமனையில் அந்தப் பரிசோதனை இலவசம்.

ஆஸ்துமாவுக்கு மருத்துவர் இன்ஹேலர் கொடுத்தால் பலர் பயப்படுகிறார்கள். பழகிவிட்டால் விட முடியாது என்கிறார்கள். அது தவறு. இன்ஹேலர் மருந்து நேராக நுரையீரலுக்குப் போகிறது. அதனால் குறைந்த அளவே போதும். மருத்துவரைக் கேட்காமல் அதை நிறுத்தக் கூடாது. குழந்தை மூச்சு விடும்போது விலா எலும்புகளுக்கு இடையே குழி விழுந்தாலோ, பேச முடியாமல் திணறினாலோ, உதடு நீலமானாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. தாராவிக்காரர்களுக்குப் பக்கத்திலேயே சயான் மாநகராட்சி மருத்துவமனை இருக்கிறது. நள்ளிரவானாலும் உடனே தூக்கிக்கொண்டு போக வேண்டும்.