மரச்சாமானைக் குளிப்பாட்டாதீங்க

நான் டி.ஆர்.பட்டினம் பக்கத்துக் கிராமம். பத்தாவது வரைதான் படிச்சேன். மைக் முன்னாடி நிற்கிறது இதுதான் முதல் தடவை, தப்பு வந்தால் பொறுத்துக்கணும். வீட்டு மரச்சாமானை இயற்கைப் பொருள் வச்சு எப்படிப் பராமரிக்கிறதுன்னு பேசச் சொன்னாங்க. ஒரு சாமானைக் கெடுத்துத்தான் நான் அதைக் கத்துக்கிட்டேன். அதனால் அந்தக் கதையிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

எங்க வீட்டில் ஒரு பத்தாயம் இருக்கு. பலாப் பலகையில் செஞ்சது, பத்து மூட்டை நெல் பிடிக்கும். என் மாமியாருக்கு அவங்க அப்பா கல்யாணத்துக்குச் செஞ்சு கொடுத்தது. 2018 நவம்பர் 16, கஜா புயல் அன்னைக்கு விடியக்காலம் ஓடு பறந்து மழை நேரா அது மேலேயே இறங்கிடுச்சு. நெல்லை அள்ளிட்டோம், பத்தாயத்தை நகர்த்த முடியலை. ஒரு வாரத்தில் கறுப்பும் வெள்ளையுமா பூசணம் பூத்துடுச்சு.

நான் என்ன செஞ்சேன்? சோப்புத்தூளும் பிளீச்சிங் பவுடரும் கரைச்சு, துடைப்பத்தால் தேய்ச்சு, பைப் போட்டுக் கழுவி விட்டேன். வெயில் வந்ததும் பலகைகளைக் கழற்றி முற்றத்தில் போட்டேன். நாலாம் நாள் பக்கப் பலகை ஒண்ணு நீளமா வெடிச்சிடுச்சு. பயந்துபோய் அரை லிட்டர் தேங்காய் எண்ணெயை ஊத்தித் தேய்ச்சேன். ரெண்டு நாள் பளபளன்னு இருந்தது. அப்புறம் பிசுபிசுப்பு, தூசி, கரப்பான், கூடவே சிக்கு வாடை.

மாமியார் திட்டலை. வெடிப்பில் விரலை வச்சுப் பார்த்துட்டு உள்ளே போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு இறங்கலை. பழைய சாமான் வாங்குறவர் 800 ரூபாய் தரேன்னார். எங்க வீட்டுக்காரர், "கொடுத்துடலாம், குழுவில் கடன் வாங்கித் தகர டிரம் வாங்கிக்கலாம்" என்றார். "உங்க இஷ்டம்"னு அத்தை சொன்னாங்க. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லைன்னு இருந்தது.

தெருக்கோடி ஆசாரி தாத்தாகிட்ட ஓடினேன். பார்த்துட்டு, "மரம் தண்ணி குடிச்சா உப்பும், காஞ்சா சுருங்கும். மேல் பக்கம் வெயிலில் காஞ்சு உள்ளே ஈரம் இருந்தா வெடிக்காம என்னம்மா செய்யும்?" என்றார். நம்ம கடல் காத்தில் உப்பு இருக்கு, அது மரத்தில் படிஞ்சு ஈரத்தை இழுத்து வச்சுக்கும், அதனால் காரைக்கால் வீடுகளில் அடிக்கடி காஞ்ச துணியால் துடைக்கிறதே பாதி வைத்தியம்னு சொன்னார்.

அவர் சொன்னபடி முதலில் மரத்தூளைத் தூவித் தேய்ச்சு, நின்ன எண்ணெயை எடுத்தோம். அப்புறம் பூந்திக்கொட்டை. அஞ்சாறு கொட்டையை உடைச்சு விதை எடுத்துட்டு ராத்திரி ஊற வச்சு, காலையில் கசக்கி வடிகட்டணும். அந்த நுரைத் தண்ணியில் துணியை நனைச்சு, சொட்டுகூட வராத மாதிரி இறுக்கிப் பிழிஞ்சு, மரத்தின் ரேகை ஓடுற திசையிலேயே துடைக்கணும். கையோடு காஞ்ச துணி. நிழலில், காத்தோட்டத்தில் ரெண்டு மூணு நாள் விடணும். சீயக்காய் போடலாமான்னு கேட்டேன். இரும்பு ஆணி இருக்கிற இடம் கறுத்துடும், வேண்டாம்னார். வெடிப்பில் மரச் சிம்பு வச்சு அடைச்சுக் கொடுத்தார். கூலி வாங்கலை, ஒரு மரக்கால் உளுந்து கொடுத்தேன்.

வெளிப் பக்கத்துக்கும் காலுக்கும் வேப்பெண்ணெய். துணியில் தொட்டு மெல்லிசா தேய்ச்சு, அரை மணி கழிச்சு மிச்சத்தைத் துடைச்சு எடுத்துடணும். மாவு மாதிரித் தூள் கொட்டுற உளு ஓட்டைக்குள்ளே சிரிஞ்சால் விடலாம். பத்தாயத்து உள்ளே எண்ணெயே கூடாது, சோறு கசக்கும். அங்கே நிழலில் காஞ்ச வேப்பிலையும் நொச்சி இலையும் போதும். கரையானுக்கு மட்டும் வேப்பெண்ணெயை நம்பி உட்காராதீங்க. அது மண்ணிலிருந்து ஏறி வர்றது. காலுக்குக் கீழே கல் வச்சு, சுவரை விட்டு ஒரு சாண் தள்ளி வச்சு, மண் கோடு தெரியுதான்னு வாரம் ஒரு தடவை பாருங்க.

கதவு, ஊஞ்சல் பலகைக்கெல்லாம் ஆளிவிதை எண்ணெய் நல்லது. தேங்காய் எண்ணெய் மாதிரி ஈரமாவே நிக்காது, காத்துப் பட்டு இறுகிடும். ஆனா ஒரு எச்சரிக்கை. அந்த எண்ணெய் தொட்ட துணியைச் சுருட்டி மூலையில் போடாதீங்க, தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரிச்சுக் காயப் போட்டுட்டு அப்புறம் தூக்கிப் போடுங்க. செல்போனில் ஆலிவ் எண்ணெய் தடவச் சொல்றாங்க. அதுவும் இறுகாது. அந்தக் காசுக்கு நாலு நாள் மீன் குழம்பு வைக்கலாம்!

பூரிக்கட்டை, மத்து, மரக்கரண்டியை ஊற வைக்காதீங்க. கல் உப்பைத் தூவி எலுமிச்சை மூடியால் தேய்ச்சா மீன் வாடை போயிடும். சட்டுன்னு அலசி, படுக்க வைக்காம நிமிர்த்திக் காய வைங்க.

டிரம்முக்குக் கடன் வாங்கலை. இப்போ அந்தப் பத்தாயத்தில் எங்க குழுவில் எட்டுப் பேர் வீட்டு உளுந்தும் இருக்கு. வெடிப்பு இருந்த இடம் இன்னும் தெரியும். சித்திரையில் உளுந்து கொட்டுறதுக்கு முன்னாடி வேப்பிலையை மாமியாரே காய வச்சு எடுத்துட்டு வர்றாங்க. என்னைத் தொட விடறதில்லை.

பூந்திக்கொட்டைத் தண்ணி ஒரு பாட்டில் கொண்டு வந்திருக்கேன். சாப்பாட்டுக்கு அப்புறம் இந்த மேஜையிலேயே துடைச்சுக் காட்டுறேன்.